சம்ப்ரதானத்துக்கு யார் உட்காருவது?

புரோகிதர் தேடும் வேலைக்கு என்னைவிடப் பொருத்தமில்லாத ஆள் என் மனைவியின் வங்காளிக் குடும்பத்தில் இருந்திருக்க முடியாது. என் அப்பா அம்மாவுக்கு நடந்தது சுயமரியாதைத் திருமணம். மாலை மாற்றினார்கள், ஊர்ப் பெரியவர் ஒருவர் நீளமாகப் பேசினார், சாப்பாடு போட்டார்கள், முடிந்தது. 1967இல் அண்ணா முதல்வராக இருந்தபோது இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து அப்படிப்பட்ட திருமணங்களைச் செல்லுபடியாக்கினார்களே, அதைப் பற்றி அப்பா ஏதோ தானே சட்டசபையில் எழுந்து கொண்டுவந்த மாதிரிப் பேசுவார். என் கல்யாணம் 1954ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டப்படி கொல்கத்தாவில் நடந்தது. நோட்டீஸ் கொடுத்து முப்பது நாள் காத்திருந்தோம், மூன்று சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள், சாயங்காலம் பிரியாணி. ஆக, இரண்டு தலைமுறையாக எங்கள் பக்கத்திலிருந்து எந்தப் புரோகிதருக்கும் தட்சிணை போனதில்லை.

ஆனால் என் மனைவி வீட்டாருக்கு ஒரு நம்பிக்கை. தெற்கிலிருந்து வருகிறவன் எல்லாம் விடியற்காலையில் குளித்து சகஸ்ரநாமம் சொல்கிறவன். எத்தனை வருஷம் அவர்கள் கண்ணெதிரே மீனும் கறியும் சாப்பிட்டாலும் அது மாறவில்லை. மாமனார் இறந்து சில வருஷங்களுக்குப் பிறகு மச்சினிக்கு வரன் அமைந்தபோது, மாமனாரின் அண்ணன், எல்லோருக்கும் 'ஜேட்டு', ஒரே வரியில் வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். "மண்டபமும் சமையலும் நான் பார்க்கிறேன். புருத் விஷயத்தை மாத்ராஜி ஜாமாய் பார்த்துக்கொள்ளட்டும்." புருத் என்றால் புரோகிதர், மாத்ராஜி ஜாமாய் என்றால் மதராஸ் மாப்பிள்ளை, அதாவது நான். நான் மறுப்பதற்குள் சந்தேஷ் இனிப்புத் தட்டு வந்துவிட்டது.

அந்தக் கல்யாணம் நல்லபடியாகவே நடந்தது. ஆனாலும் அதில் ஒரு விஷயம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. புரோகிதர் என்கிறவர் ஒரு கல்யாணத்தில் எதைக் காவல் காக்கிறார், எதைக் காக்கவில்லை என்பதுதான் அது. பெரியார் படம் மாட்டிய வீட்டில் வளர்ந்தவனுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் சின்ன வயதிலேயே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பஞ்சிகா இரண்டு

ஆளைத் தேடுவதற்கு முன்னால் தேதி. வங்காளத்தில் பாத்ரோ, ஆஷ்வின், கார்த்திக், பௌஷ், சைத்ரோ ஆகிய மாதங்களில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஜ்யைஷ்டோவில் மூத்த பிள்ளைக்குக் கூடாது. பைஷாக்கில் வைக்கலாம், ஆனால் வெயில். ஆஷாடமும் ஷ்ராபோனும் மழை. மிச்சமிருக்கிற நல்ல மாதங்கள் என்று பார்த்தால் நவம்பர் நடுவில் தொடங்கும் அக்ரஹாயண், அப்புறம் மாக், பால்குன். ஊர் மொத்தமும் இந்த மூன்று மாதங்களில் வந்து குவிகிறது. அதிலும் லக்னம் உள்ள இரவுகள் கொஞ்சம்தான். இரவு என்று சொன்னது சும்மா இல்லை. இங்கே கல்யாணம் சூரியன் சாய்ந்த பிறகுதான். அந்தி நேரத்துக் கோதூளி லக்னம் கிடைத்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் நள்ளிரவு தாண்டியும் போகும். இப்படி நாள் குறைவாக இருப்பதால் ஒரே புரோகிதர் ஒரே ராத்திரியில் இரண்டு வீடு ஒப்புக்கொள்வது சர்வசாதாரணம். எங்கள் அடுக்ககத்தில் ஒரு கல்யாணத்தில் சப்தபதியின்போது புரோகிதரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான்காவது அடிக்கு அப்புறம் பெண்ணும் மாப்பிள்ளையும் நடந்தார்களா ஓடினார்களா என்று சொல்ல முடியாது.

பஞ்சாங்கச் சண்டை நமக்குப் புதிதில்லை. வாக்கியம், திருக்கணிதம் என்று நாம் அடித்துக்கொள்வதை இங்கே குப்தா பிரஸ், விசுத்த சித்தாந்தம் என்ற பெயர்களில் அடித்துக்கொள்கிறார்கள். பஞ்சாங்கத்துக்கு இங்கே பஞ்சிகா என்று பெயர். குப்தா பிரஸ் பஞ்சிகா 1869இலிருந்து வருகிறது, பழைய சூரிய சித்தாந்தக் கணக்கு. வானத்தில் உண்மையில் கிரகம் நிற்கும் இடத்துக்கும் புத்தகத்தில் நிற்கும் இடத்துக்கும் பொருந்தவில்லை என்று சொல்லித் திருத்திய கணக்கோடு 1890இல் வந்தது விசுத்த சித்தாந்தம். ராமகிருஷ்ண இயக்கத்தின் பேலூர் மடம் இதைத்தான் பின்பற்றுகிறது. துர்கா பூஜையில் சந்தி பூஜைக்கு இரண்டும் வேறு வேறு நேரம் போட்டால் தெருவுக்குத் தெரு வேறு நேரத்தில் மேளம் கேட்கும். எங்கள் விஷயத்தில் மாப்பிள்ளை வீடு விசுத்த சித்தாந்தம், மாமியார் வீடு குப்தா பிரஸ்.

அதனால் நான் பார்த்த ஒவ்வொரு புரோகிதரிடமும் முதலில் இதைத்தான் கேட்டேன். முதலாமவர் இணையத்தில் கிடைத்தவர். சாமான், ஹோமகுண்டம், உதவியாள் எல்லாம் சேர்த்து ஒரே தொகை, பஞ்சிகா உங்கள் இஷ்டம் என்றார். இரண்டாமவர் விசுத்த சித்தாந்தமெல்லாம் சாஸ்திரத் துரோகம் என்று ஆரம்பித்து, நான் விடைபெறும்வரை முடிக்கவில்லை. மூன்றாமவர் மாமனாரின் அப்பா காலத்திலிருந்து அந்த வீட்டுக்கு வந்துபோன குடும்பத்தைச் சேர்ந்தவர், சோனார்பூர் பக்கம் இருக்கிறார், பள்ளிக்கூடத்தில் சம்ஸ்கிருத ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மேற்கு வங்க அரசு 2020இல் எட்டாயிரம் புரோகிதர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அறிவித்ததே, அந்த நிலைமையில் இருப்பவர்கள்தான் இந்தத் தொழிலில் நிறைய. இவருக்குப் பென்ஷன் இருந்தது, ஒரு ராத்திரிக்கு ஒரு வீடுதான் என்று சொல்ல முடிந்தது. பஞ்சிகா பற்றிக் கேட்டதற்கு அவர் திருப்பிக் கேட்டார்: "மண்டபத்தை எத்தனை மணி வரை எடுத்திருக்கிறீர்கள்?" பதினொன்றரை என்றேன். இரண்டு பஞ்சிகாவையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, இரண்டிலும் லக்னம் இருந்து, பதினொன்றரைக்குள் முடிகிற ஒரு ராத்திரியைக் கண்டுபிடித்துக் குறித்துக் கொடுத்தார். பால்குன் மாதத்தில் ஒரு புதன்கிழமை. ஆபீஸ் போகிறவர்களுக்குக் கஷ்டம் என்று ஜேட்டு முணுமுணுத்தார். அவ்வளவுதான்.

மூன்று பெண்கள்

தேதி குறித்தாயிற்றே தவிர, எந்த மாதிரிக் கல்யாணம் என்பதில் வீட்டில் மூன்று கட்சி இருந்தது.

மச்சினிக்குச் சம்ப்ரதானமே கூடாது. கன்யாதானத்தைத்தான் இங்கே சம்ப்ரதான் என்பார்கள். "நான் என்ன பசுமாடா, நிலமா?" என்பது அவள் கேள்வி. அவளுக்கு மனதில் இருந்தது நந்தினி பௌமிக் குழு. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் சம்ஸ்கிருதம் சொல்லிக்கொடுத்தவர், தன் ஆசிரியை கௌரி தர்மபாலின் வழியைப் பிடித்துக்கொண்டு பல வருஷமாகக் கல்யாணம் செய்து வைக்கிறவர். பெண்கள் மட்டுமே உள்ள அந்தக் குழு கன்யாதானத்தை எடுத்துவிட்டது. மந்திரத்தைச் சொல்லி அதன் பொருளையும் சொல்வார்கள், நடுவில் ரவீந்திர சங்கீதம். 2021இல் தென் கொல்கத்தாவின் 66 பல்லி பூஜைப் பந்தலில் துர்கா பூஜையையே நடத்தியவர்கள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அப்பா உயிரோடிருந்தால் அவருக்கேகூடப் பிடித்திருக்கலாம், வெளியில் சொல்ல மாட்டார்.

மச்சினி தன் அம்மாவுக்குப் போனில் வீடியோ போட்டுக் காட்டினாள். மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை பார்த்தார். பாட்டு நன்றாக இருக்கிறது என்றார். "இதில் சம்ப்ரதான் எங்கே வருகிறது?"

"அது கிடையாது மா. அதுதானே விஷயம்."

"அப்படியானால் நான் எங்கே?"

அந்த வீட்டில் அப்படியொரு கேள்வியை யாரும் எதிர்பார்க்கவில்லை. வங்காளிக் கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவளுக்கு வேலைக்குக் குறைவில்லை. விடியும் முன்னே எழுந்து பெண்ணுக்குத் தயிரும் அவலும் ஊட்டும் தொதி மங்கலில் தொடங்கி, மஞ்சள் பூசும் காயே ஹோலுத், சீர்த்தட்டுகள், மாப்பிள்ளை வீட்டிலிருந்து புடவை கட்டி அலங்கரித்து வரும் ரோகு மீனை வாங்கி வைப்பதுவரை எல்லாம் அவள் தலையில்தான். ஆனால் பல குடும்பங்களில் கல்யாணச் சடங்கை மட்டும் அம்மா பார்க்கக் கூடாது. பையனைப் பெற்றவள் மாப்பிள்ளை ஊர்வலத்தோடு வருவதே இல்லை. பெண்ணைப் பெற்றவள் அதே மண்டபத்தில் இருந்துகொண்டே வேறு அறையில் இருப்பாள். மாமியாரின் கல்யாணத்தன்று அவருடைய அம்மா சாமான் அறையில் உட்கார்ந்து சங்குச் சத்தத்தையும் குலவையையும் கேட்டுத்தான் எது எது முடிந்தது என்று தெரிந்துகொண்டாராம். என் கல்யாணத்தில் மாமியார் மூன்று சாட்சிகளில் ஒருவராகக் கையெழுத்துப் போட்டார். எங்களுக்கு அது வெறும் படிவம். அவர் அந்தப் பேனாவை எடுத்துப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார் என்று பல வருஷம் கழித்து மனைவி சொன்னாள்.

ஆக, மகள் அந்தச் சடங்கே வேண்டாம் என்கிறாள். அம்மா அந்தச் சடங்கில் தானே உட்கார வேண்டும் என்கிறார். மூன்றாவது கட்சி பிஷி, மாமனாரின் தங்கை. தாதா, அதாவது அண்ணன், போய்விட்டார் என்றால் பெரிய தாதா இருக்கிறார், அவர்தான் உட்கார வேண்டும். விதவை மணமேடைக்கே வரக்கூடாது, சம்ப்ரதானத்துக்கு உட்காருவதாவது! பிஷியை வில்லியாக நினைத்துவிட வேண்டாம். மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் ராத்திரி முழுக்கப் பக்கத்தில் இருந்தவர் அவர்தான். 'அமங்கலம்' என்பதை அவர் சொல்லும்போது அதில் துவேஷம் இல்லை, உண்மையான பயம் இருந்தது. அதனால்தான் அவரோடு வாதாடுவது கஷ்டமாக இருந்தது.

நான் புரோகிதர்களிடம் கேட்ட இரண்டாவது கேள்வி இது. அம்மா சம்ப்ரதானம் செய்யலாமா? இணையக்காரர், "நீங்கள் சொல்கிறபடி செய்துவிடலாம் சார்" என்றார். மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. "கேட்டவுடனே சரி என்றால் அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை என்று அர்த்தம்." இரண்டாமவர் சாஸ்திரத்தில் இல்லை என்றார். எந்தச் சாஸ்திரத்தில் என்றதற்கு, "எல்லாச் சாஸ்திரத்திலும்." மூன்றாமவர் போனில் பதில் சொல்லவில்லை. நேரில் வருகிறேன், எல்லோரும் இருக்கும்போது பேசலாம் என்றார்.

ஜேட்டுவின் சர்க்கரை

ஞாயிற்றுக்கிழமை காலையில் கரியாவில் மாமியார் வீட்டுக்கு வந்தார். கையில் குடை, துணிப்பை. முதலில் ஃபர்தோ எழுத உட்கார்ந்தார். சாமான் பட்டியலுக்கு அதுதான் பெயர். நீளவாக்கில் மடித்த கணக்கு நோட்டுத் தாளில் நீலப் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிக்கொண்டே போனார். கடுக்காய், எள், குங்குமம், ஆல்தா, பஞ்சபல்லவம், பஞ்சகவ்யம், மதுபர்க்கத்துக்குத் தேன், கோதுமை நிறத்தில் பழைய நெய் வேண்டாம் புது நெய், ஹோமத்துக்கு மணல், பில்வக் கட்டை, நெற்பொரி, சிவப்பு கம்ச்சாத் துண்டு, மாப்பிள்ளைக்கு நெட்டியில் செய்த டோபோர், பெண்ணுக்கு முகுட், வாழைக்கன்று நான்கு, மணைப்பலகை இரண்டு. தசகர்மா பண்டார் என்கிற பூஜைச் சாமான் கடையில் இந்தத் தாளைக் கொடுத்தால் போதும், அவர்களே கட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் மணலைப் பிரித்துப் பாருங்கள், சிமெண்டு கலந்தது வரும் என்றார். ஒவ்வொரு சாமானுக்கும் அது எதற்கு என்று மச்சினி கேட்டாள். சளைக்காமல் சொன்னார். ஒரே ஒரு தடவை, "இது எங்கள் தட்சிணைப் பையில் போகிறது" என்று சிரித்தார்.

மாமியார் கதவோரத்தில் நின்றபடியே கேட்டார். பிஷி குறுக்கே பேச வாயெடுத்ததும் புரோகிதர் கையை லேசாக உயர்த்தினார், பள்ளிக்கூடத்து வழக்கம் போல. பிறகு ஒரு சுலோகம் சொன்னார். யாக்ஞவல்கிய ஸ்மிருதியில் வருவது. "பிதா பிதாமஹோ ப்ராதா ஸகுல்யோ ஜனனீ ததா." அப்பா, தாத்தா, சகோதரன், பங்காளி, அப்புறம் தாய். பெண்ணைக் கொடுக்கும் உரிமை இந்த வரிசையில் போகும், முந்தியவர் இல்லாவிட்டால் அடுத்தவர். "தாய் இதில் இருக்கிறாள், பௌமா. யாரும் புதிதாகச் சேர்க்கவில்லை."

பிஷி லேசுப்பட்டவர் இல்லை. "பங்காளி அம்மாவுக்கு முன்னால் வருகிறதே. பெரிய தாதா இருக்கிறாரே?" என்றார் உடனே. எனக்கு ஒரு கணம் நெஞ்சு விழுந்தது. அவர் கேட்டது நியாயமான கேள்வி. சுலோகத்தை வைத்தே பார்த்தாலும் மாமியாரின் முறை கடைசி.

புரோகிதர் தலையாட்டினார். "இருக்கிறார். சுலோகத்தின் அடுத்த வரியில் 'ப்ரக்ருதிஸ்த:' என்று இருக்கிறது. கொடுக்கிறவர் நல்ல நிலையில் இருக்க வேண்டும்." புத்தி தெளிவாக இருக்க வேண்டும் என்பதுதான் அதற்கு வழக்கமாகச் சொல்லும் பொருள் என்று பின்னால் ஒருநாள் அவரே என்னிடம் சொன்னார். அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. ஜேட்டு பக்கம் திரும்பி, "தாதா, சம்ப்ரதானம் முடியும்வரை பட்டினி இருக்க வேண்டும். லக்னம் ஒன்பது மணிக்கு மேல். உங்களுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது?" என்றார்.

ஜேட்டு டீக் கோப்பையைக் கீழே வைத்தார். தங்கையைப் பார்த்தார். கதவோரத்தில் நின்ற தம்பி மனைவியைப் பார்த்தார். "டாக்டர் நாலு மணி நேரம்கூடப் பட்டினி கூடாது என்று சொல்லியிருக்கிறார்," என்றார். ஒவ்வொரு வருஷமும் காளி பூஜைக்கு நள்ளிரவு தாண்டியும் பச்சைத் தண்ணீர் படாமல் இருக்கிற மனுஷர் அவர். அது அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். பிஷிக்கும் தெரியும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் முன்னோர்களுக்குச் செய்யும் நாந்திமுகத்துக்கு ஜேட்டு உட்காருவார், அது முடிந்ததும் சாப்பிட்டுவிடலாம். ராத்திரி சம்ப்ரதானத்துக்கு மாமியார். புரோகிதர் இதையும் ஃபர்தோவின் அடியில் எழுதிக் கோடு போட்டார்.

மச்சினியிடம் மட்டும் பேரம் மிச்சமிருந்தது. அம்மா உட்காருவதென்றால் சம்ப்ரதானத்துக்குச் சரி என்றாள். ஆனால் மறுநாள் புறப்படும்போது கனகாஞ்சலி செய்ய மாட்டேன். பெண் முதுகுக்குப் பின்னால் அம்மாவின் முந்தானையில் அரிசியை வீசி, உங்கள் கடனைத் தீர்த்துவிட்டேன் என்று சொல்லும் சடங்கு அது. இந்தக் காலத்துப் பெண்கள் பலர் மறுத்துவிடுகிறார்கள். "அதைச் சொல்லாவிட்டால் பாதகமில்லையே?" என்று புரோகிதரைக் கேட்டாள். "என் புத்தகத்தில் அதுவே கிடையாது. அது ஸ்திரீ ஆசார்," என்றார்.

புத்தகத்தில் இல்லாதவை

நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான். வங்காளிக் கல்யாணம் என்று நாம் சினிமாவிலும் போட்டோவிலும் பார்க்கிற பாதிக்கு மேல் புரோகிதருக்குச் சம்பந்தமில்லாதவை. மஞ்சள் பூசுவது, தண்ணீர் எடுக்கப் போவது, முறமும் விளக்கும் வைத்து மாப்பிள்ளையை வாசலில் வரவேற்கும் போரோண், வெற்றிலையால் முகத்தை மூடிக்கொண்ட பெண்ணை மணைப்பலகையோடு சகோதரர்கள் தூக்கி மாப்பிள்ளையை ஏழு சுற்றுச் சுற்றும் சாத் பாக், ராத்திரி முழுக்க விழித்திருக்கும் பாசர் அறை, கனகாஞ்சலி எல்லாம் பெண்கள் நடத்தும் ஆசாரம். புரோகிதருடைய பங்கு நாந்திமுகம், சம்ப்ரதானம், ஹோமம், சப்தபதி என்று போகும். இதற்குத்தான் நூல்கள். சாமவேதிகளுக்குப் பவதேவ பட்டரின் முறை, யஜுர்வேதிகளுக்குப் பசுபதியின் முறை, அதற்கெல்லாம் மேலே பதினாறாம் நூற்றாண்டு நவத்வீபத்து ரகுநந்தனர். முறத்தை யார் பிடிப்பது என்பது அவர்கள் கவலை இல்லை.

என் மனைவிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அப்படியென்றால் அம்மாவே போரோணும் செய்யட்டும். வாசலில் மாப்பிள்ளையை வரவேற்பது பெண்ணைப் பெற்றவள்தானே? அதைத் தடுக்கிற புத்தகமே இல்லையே?"

புரோகிதர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "அது என் இலாகா இல்லை மா. வீட்டுப் பெண்களைக் கேளுங்கள்."

வீட்டுப் பெண்கள் என்றால் பிஷி. போரோண் சுமங்கலிகள் மட்டும் செய்வது. பிஷி வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை. மாமியாரே வேண்டாம் என்றார். "சம்ப்ரதான் அவர் செய்ய வேண்டியது, அவர் பாக்கி வைத்துவிட்டுப் போனதை நான் முடிக்கிறேன். போரோண் என்னுடையது, அவர் இருந்தவரைக்கும்." மனைவி எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். அன்றைக்கு மத்தியானம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கு இதுதான் அடங்காத விஷயம். புரோகிதர்தான் பூட்டு, அவரை அகற்றினால் கதவு திறக்கும் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். இங்கே ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்தைய சுலோகத்தில் ஒரு சந்து இருந்தது, அதில் நுழைய ஒரு பொய் போதுமானதாக இருந்தது. எந்த ஏட்டிலும் எழுதாத ஒன்றுக்கு முன்னால் எல்லோரும் நின்றுவிட்டோம். எழுதியிருந்தால் மறுத்துப் பேசலாம், வேறு சுலோகம் தேடலாம், அர்த்தத்தைக் கொஞ்சம் வளைக்கலாம். எழுதாததை எங்கே போய்ப் பிடிப்பது? அது மாமியாரின் கைக்குள்ளேயே இருந்தது.

புரோகிதர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பது மனைவியின் வாதம். அவர் சொன்னால் பிஷி அடங்கியிருப்பார், அம்மாவும் யோசித்திருப்பார். என் இலாகா இல்லை என்பது தப்பித்துக்கொள்வது. எனக்கு அப்படி முழுதாகத் தோன்றவில்லை. தன் எல்லை எதுவரை என்று தெரிந்த ஒருவர் அதற்கு அப்பால் அதிகாரம் செய்யாமல் இருந்ததை எப்படிக் குறை சொல்வது? ஆனால் அவர் ஜேட்டுவின் சர்க்கரையைக் கண்டுபிடித்தபோது எல்லைக்குள்தான் இருந்தாரா என்று மனைவி கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

அந்த இரவு

கல்யாணத்துக்கு முந்தைய வாரங்களில் எனக்கு ஒரே வேலை, பெயர்கள் சேகரிப்பது. சம்ப்ரதானத்தில் இரண்டு பக்கமும் மூன்று தலைமுறை சொல்ல வேண்டும். கோத்திரம், கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா. மாப்பிள்ளை வீட்டில் கொள்ளுத்தாத்தாவுக்கு வீட்டுப் பெயர்தான் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பரிசால் பக்கத்திலிருந்து பிரிவினையில் வந்த குடும்பம். கடைசியில் ஒரு பழைய நிலப் பத்திரத்தில் முழுப்பெயர் கிடைத்தது. புரோகிதர் வேலை என்றால் மந்திரம் என்று நினைத்தவனுக்கு அதில் முக்கால்வாசி இப்படிப்பட்ட குமாஸ்தா வேலை என்று புரிந்தது.

போட்டோக்காரர்களிடம் அவர் முன்கூட்டியே பேசிவிட்டார். ஹோமகுண்டத்துக்குக் கிழக்கே யாரும் நிற்கக் கூடாது, மற்றபடி எங்கே வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளுங்கள். சப்தபதிக்கு ஏழு வெற்றிலை வரிசையாக வைத்து ஒவ்வொரு அடிக்கும் நிறுத்தி, அது எதற்கான அடி என்று வங்காளியில் சொன்னார். உணவுக்கு ஒரு அடி, வலிமைக்கு ஒன்று, கடைசி அடி தோழமைக்கு. இந்துத் திருமணச் சட்டம் 7ஆம் பிரிவுப்படி ஏழாவது அடி வைத்ததும்தான் கல்யாணம் முழுமையாகிறது, இதில் அவசரப்பட்டால் எனக்குக் கெட்ட பெயர் என்றார். ரிஜிஸ்ட்ரார் மேஜை போட்டு அந்தப் பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது சம்ப்ரதானம். மாமியார் பச்சைக் கரை போட்ட தசர் பட்டுப்புடவை கட்டியிருந்தார். பெண் கையும் மாப்பிள்ளை கையும் கலசத்தின்மேல் சேர்த்துக் கம்ச்சாவால் மூடியிருந்தது. புரோகிதர் நீளமான சங்கல்ப வாக்கியத்தைத் துண்டு துண்டாக உடைத்துக் கொடுத்தார், மாமியார் திருப்பிச் சொன்னார். கோத்திரம் வந்தது, கொள்ளுத்தாத்தா, தாத்தா வந்தது. அடுத்தது பெண்ணின் அப்பா. அங்கே மாமியார் நின்றுவிட்டார். நாற்பது வருஷத்துக்கு மேல் அவர் தன் கணவர் பெயரை வாயால் சொன்னதில்லை. ஆஸ்பத்திரிப் படிவத்தில்கூட யாராவது எழுதித்தான் கொடுப்போம். நம் ஊரில் பாட்டிமார் செய்ததுதான், விளக்க வேண்டியதில்லை.

புரோகிதர் அவசரப்படுத்தவில்லை. தானே சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. பூவைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டார். பிஷி எனக்குப் பின்னால் நின்றிருந்தார். "சொல்லு பௌதி," என்றார் அண்ணியிடம், சாதாரணக் குரலில், கடைக்குப் போகச் சொல்வது போல. மாமியார் சொன்னார். தலைமுறையை மூன்று முறை சொல்ல வேண்டும். இரண்டாம் முறை சத்தம் கொஞ்சம் கூடியது. மூன்றாம் முறை மண்டபத்தின் கடைசி வரிசைவரை கேட்டிருக்கும். மச்சினி அழுதாள், கையை எடுக்க முடியாததால் மாப்பிள்ளை மற்றக் கையால் கண்ணைத் துடைத்துவிட்டார். இதையெல்லாம் தவறவிட்ட போட்டோக்காரர் பையன் ஒருவன் இன்னொரு தடவை சொல்ல முடியுமா என்று கேட்டான். புரோகிதர், "கல்யாணம் நடக்கிறது தம்பி, ரிகர்சல் இல்லை," என்றார்.

போரோணை அன்று மாலையில் வாசலில் ஒரு மாஷி, அம்மா வழிச் சித்தி முறை, செய்தாள். மாமியார் அப்போது சமையல்காரரோடு மீன் எண்ணிக்கையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கனகாஞ்சலி நடக்கவில்லை. அரிசியை யாரோ காரின்மேல் தூவினார்கள்.

வருகிற மாக் மாதத்தில் பிஷியின் பேத்திக்குக் கல்யாணம். புருத் விஷயம் மறுபடியும் என் தலையில். சோனார்பூர்க்காரரையே பேசிவிடட்டுமா என்று கேட்டேன். பிஷி பாக்கு வெட்டிக்கொண்டே யோசித்தார்.

"அவர் வேண்டாம்பா. ரொம்பப் படித்தவர். வேறு யாராவது பார்."